எஸ்தர் பெயரில் ஒரு கோப்பு

உங்கள் கையில் இருக்கும் பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்தில் முதல் விதி இதுதான்: "கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால், கணவரை முதலில் வெளியே அனுப்பவும்." அதை எழுதியவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில், இந்த மகளிர் ஆலோசனை மையத்தில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். கண் வீங்கி வரும் பெண், புருஷன் பக்கத்தில் இருந்தால், "ஒண்ணுமில்ல மேடம், கதவுல இடிச்சிக்கிட்டேன்" என்பாள். அவன் படி இறங்கிய மறு நிமிடம் அவள் பேச்சில் கதவு போய் அவன் வந்துவிடுவான். அதைப் பார்த்துப் பார்த்து எழுதிய விதி அது. நல்ல விதி. இப்போதும் அதை எடுக்கச் சொல்லமாட்டேன். அதை வைத்து நான் ஒரு மனிதரைச் சாவின் வாசல்வரை அனுப்பி வைத்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விதிப்படி வெளியே போகும் கணவர்கள் எல்லோரும் எதிர்ச்சாரியில் உள்ள டீக்கடைக்குத்தான் போவார்கள். கடைக்காரர் அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு போட்டு, அதற்கு மாப்பிள்ளை பெஞ்சு என்று பேரும் வைத்திருந்தார். நம் மையத்தால் இந்த ஊரில் யாருக்காவது உறுதியாக நன்மை நடந்தது என்றால் அது அவருக்குத்தான்.

ஞானராஜும் எஸ்தரும் வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு. இரண்டும் உண்மைப் பெயர்கள் அல்ல. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஞானராஜ் சேத்தூர்க்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். பட்டாளத்தில் வேலை, வடக்கே எங்கோ. இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். எஸ்தர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். கல்யாணமாகி மூன்று வருடம்.

உள்ளே வந்ததும் ஞானராஜ்தான் முதலில் உட்கார்ந்தார். நான் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு, "சார், நீங்க செத்த நேரம் எதிர்ல ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், எஸ்தரைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தார். "சரிங்க மேடம்" என்று எழுந்து போனார். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதில் பட்டாளத்தாரை மிஞ்ச ஆள் கிடையாது.

எஸ்தர் சொன்னார்: "அவிய என்னயத் தொட மாட்டேங்காவ மேடம். லீவுல வந்து ஒண்ணர மாசம் ஆச்சு. கட்டில வாசக்கதவுல அணைச்சுப் போட்டுத் தனியாப் படுக்காவ. பின்னாடி நின்னு ஒரு சொம்பு தண்ணி நீட்டுனாக்கூடத் தூக்கிவாரிப் போடுது. அங்க எவளோ ஒருத்தி இருக்கா போல. எங்க அத்த என்னடான்னா எங்கிட்டத்தான் கொறைங்காவ."

"இங்க வரச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"அவியதான். 'பேசுனா சரியாயிருமாம், வா போவோம்'னு அவியளேதான் பஸ் ஏத்திக் கூட்டியாந்தாவ."

அதுவரை தானாக மனைவியை நம் மையத்துக்குக் கூட்டி வந்த கணவரை நான் பார்த்ததே இல்லை. முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன், பார்த்த கையோடு டீ குடிக்க அனுப்பிவிட்டேன். எஸ்தருக்குப் புதுக் கோப்பு போட்டு, அதில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: "கணவர் ஒத்துழைக்கிறார்."

அடுத்த வாரமும் வந்தார்கள். அடுத்த வாரமும் டீ. எஸ்தருக்கு நான் தைரியம் சொன்னேன், சட்டம் சொன்னேன், அத்தையைச் சமாளிக்க வழி சொன்னேன். எல்லாமே நல்ல யோசனைகள்தான். கேட்க வேண்டியவர் மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

மூன்றாம் வாரம் டீக்கடைக்காரர் வீட்டில் காதுகுத்து. கடை சாத்தியிருந்தது. ஞானராஜ் போக இடமில்லாமல் நம் தாழ்வாரத்திலேயே நின்றார். அங்கே ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தோம், நீங்களும் பார்த்திருப்பீர்கள்: "உங்கள் விருப்பமில்லாமல் யாராவது உங்களைத் தொட்டார்களா? அது உங்கள் தவறல்ல. எங்களிடம் சொல்லுங்கள், சகோதரி."

அவர்கள் போன பிறகு மத்தியானம் சாப்பிடும்போது, அலுவலக உதவியாளர் பாக்கியம் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்: "அக்கா, அந்தப் பட்டாளத்து மாப்ள இருக்காருல்ல, ஒரு மணி நேரம் நம்ம போஸ்டர் முன்னாலயே நின்னாரு. பொறவு எங்கிட்ட வந்து, 'இது பொம்பளைங்களுக்கு மட்டும்தானா'ங்காரு. வாசல்ல எம்புட்டுப் பெரிய போர்டு மாட்டியிருக்கு!"

"நீ என்ன சொன்ன?"

"போர்டப் பாருங்க சார்னு சொன்னேன். பாத்துட்டு, சரிங்கம்மான்னு போயிட்டாரு."

நானும் சிரித்தேன். இதை மறைக்காமல் சொல்கிறேன். கையில் தயிர்ச்சோறோடு வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு இரண்டு வாய் சோறு வரைக்கும் இருந்தது. மூன்றாவது வாய் தொண்டைக்குள் இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடிவிட்டு எஸ்தருக்குப் போன் போட்டேன். ஞானராஜின் விடுப்பு முடிய ஐந்து நாள் இருந்தது. சனிக்கிழமை ரயில்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். இந்த முறை நான் எஸ்தரைப் பார்த்து, "நீங்க செத்த நேரம் வெளிய இருங்கம்மா" என்றேன்.

"என்னயவா? நான் எங்க மேடம் போவேன்? ஆம்பளைக ஒக்காந்திருக்க பெஞ்சுல நான் போயி எப்படி ஒக்கார?"

நியாயமான கேள்வி. மகளிர் மையம் நடத்தினோமே தவிர, ஒரு மனைவி காத்திருக்க இடம் வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. பாக்கியம் அவரைத் தன் அடுப்படிக்குக் கூட்டிப் போனாள்.

ஞானராஜ் நாற்காலியை நகர்த்தி, முதுகு சுவரில் படும்படி போட்டு உட்கார்ந்தார். நான் சொன்னேன்: "நேத்து பாக்கியத்துக்கிட்ட ஒண்ணு கேட்டீங்களாமே. அது பொம்பளைங்களுக்கு மட்டும் இல்ல, தம்பி. போர்டுதான் தப்பு."

அவர் மேஜைமேல் இருந்த செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. மூன்று பேர். ஒரே பாரக்கில், சிப்பாய்கள் தங்கும் கூடத்தில், படுப்பவர்கள், அதில் ஒருவர் இவருக்கு மேலே உள்ளவர். ஒரு முறை மட்டும் அல்ல. கேட்டால் விளையாட்டு என்றார்களாம். விடுப்பு முடிந்து இவர் போய் மறுபடி படுக்க வேண்டிய கட்டிலும் அதே பாரக்கில்தான் இருந்தது.

இப்போது நான் செய்ததைக் கவனியுங்கள். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், பாதிக்கப்பட்ட ஒருத்தியிடம் "நீ ஏன் கத்தல?" என்று கேட்டுவிட்டாள் என்பதற்காக அவளை ஒரு மாதம் மையத்துக்கு வருகிறவர்கள் யாரையும் பார்க்க விடாமல் வைத்தவள் நான். அந்தக் கேள்வி கூடாது என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தவள் நான். எதிரே ஆறடி உயரத்தில், தோளும் கையுமாக உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது.

"நீங்க ஏன் தம்பி திருப்பி அடிக்கல?"

அவர் கோபப்படவில்லை. வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னார்: "அத எங்க ஆபீசர் ஏற்கெனவே கேட்டுட்டாரு மேடம். பொறவு அங்க டாக்டரும் கேட்டாரு. கேட்டுட்டு, வழுக்கி விழுந்த காயம்னு எழுதுனாரு. நீங்க மூணாவது."

சொல்லிவிட்டுக் கீழே இருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். வந்தவர் எழுந்துவிட்டார், கதவு நாலு அடியில் இருக்கிறது, தவறு உங்களுடையது. அப்போது விளக்கம் சொல்லத் தோன்றும். நான் அந்த அர்த்தத்தில் கேட்கவில்லை என்று ஆரம்பிக்கத் தோன்றும். ஆரம்பிக்காதீர்கள். எந்த அர்த்தத்தில் கேட்டோம் என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். "நான் கேட்டது தப்பு. மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவர் பையோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். பையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை ரயில் ஏறிருவேன் மேடம். போய் எறங்குவேனான்னு தெரியல."

"செத்துப்போயிரணும்னு நினைக்கீங்களா?"

"ஆமா."

இதை நேராகக் கேட்க உங்களுக்குப் பயமாக இருக்கும். நாம் கேட்டுத்தான் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று நினைப்பீர்கள். அந்த எண்ணம் அவரோடு சேத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தது. கேட்டதால் அதைச் சுமக்க இரண்டாவது ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். எஸ்தரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். நீங்களே சொல்லுங்கள் என்றார். உள்ளே கூப்பிட்டு, அவர் முன்னாலேயே, தேவையான அளவு சொன்னேன்.

எஸ்தர் முதலில் கேட்டது, "அப்போ வேற பொம்பள இல்லையா?"

"இல்ல" என்றார் ஞானராஜ்.

எஸ்தர் அழுதார். எழுந்து அவர் அருகே போனார். அவர் தோளைத் தொடப்போன கையை நடுவழியில் நிறுத்தி, நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். நான் இந்த நாற்காலியில் அத்தனை வருடம் படித்ததை அந்தப் பெண் அரை நொடியில் செய்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவிய போக வேண்டாம் மேடம். ஆனா சனிக்கிழமை போகலன்னா ஓடிப்போனவன்னு எழுதி, தேடி வந்துருவாங்களே?" என்றார்.

ஆகவே எனக்கு இருந்தது நான்கு நாள். அவரைத் தனியே விடக்கூடாது என்று எஸ்தரிடம் சொல்லிவிட்டு, போனை எடுத்தேன். ஓர் உதவி எண்ணில், பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயதுக்குக் கீழா என்று கேட்டார்கள். இல்லை. அப்படியானால் பெண்ணா? இல்லை. அப்படியானால் தங்களால் பதிவு செய்ய முடியாது, வேறு ஏதேனும் உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கு உதவும் ஒரு சங்கத்தில், அவர் இன்னும் பணியில் இருக்கிறாரே, ஓய்வு பெற்ற பிறகு வரட்டும் என்றார்கள். பழக்கமான போலீஸ்காரர் ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "நடந்தது அங்க, ஆளு பட்டாளம், அதுவும் ஆம்பள. இத எதுல எழுதுறதுன்னு எனக்கே தெரியல மேடம்" என்றார். தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டது அன்றைக்கு அவர் ஒருவர்தான்.

கடைசியாக மதுரையில் ஒரு மனநல மருத்துவருக்குப் போட்டேன். பெண்ணா, சிறுவனா, எங்கே நடந்தது என்ற எல்லாக் கேள்விக்கும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர், "சாப்பிடுறாரா? தூங்குறாரா? பேரு என்ன?" என்றார். காலையிலிருந்து யாரும் பேரைக் கேட்கவில்லை. சொன்னேன். "நாளைக்குக் காலையில கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

மறுநாள் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கிருந்து முறையாகக் கடிதம் போய், நோய் விடுப்பு கிடைத்தது. சனிக்கிழமை ரயில் ஞானராஜ் இல்லாமல் போனது. அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். என் சாமர்த்தியத்தின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு ஏற்பட்டிருந்தது. அடுத்த தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மதுரையிலிருந்து வந்தபின், வாரம் ஒருமுறை அவர் நம் மையத்துக்கு வந்து பேசுவது என்று முடிவானது. மையத்தின் செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம பதிவே மகளிர் மையம்னு. ஆம்பளைக்கு ஃபைல் போட்டா, ஆய்வுக்கு வாரவங்களுக்கு யாரு பதில் சொல்லுறது?" என்றார். நான் வாதாடியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். வாதாடினால் மாதக்கணக்கில் இழுக்கும், அவருக்கு இந்த வாரமே ஆள் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எஸ்தர் பெயரில்தான் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதே. ஞானராஜ் பேசுவதையெல்லாம் அதிலேயே எழுதினேன்.

"எஸ்தருக்குத் தூக்கம் நாலு மணி நேரமாகக் கூடியிருக்கிறது." "பின்னால் ஆள் நின்றால் எஸ்தருக்கு இன்னும் பதற்றம்." "எஸ்தர் இன்று முதல் முறையாக அழுதார்." ஒரு வருடம் இப்படியே போனது. ஆய்வுக்கு வந்த அம்மையார் கோப்பைப் புரட்டிவிட்டு, எஸ்தரின் முன்னேற்றம் மற்ற மையங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார். நானும் பாக்கியமும் அன்றைக்கும் சிரித்தோம்.

அந்த ஒரு வருடத்தில் ஞானராஜ் உண்மையாகவே தேறினார். தேறியதும் அவர் செய்த முதல் காரியம், மேலிடத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தது. நான் சொல்லித் தரவில்லை. அவரே எழுதினார், ரத்தினச் சுருக்கமாக. விசாரணை வைத்தார்கள். கொஞ்ச நாளில் அவருக்கு ஒரு கேள்வி வந்தது: இது நடந்ததாக வெளியே யாரிடம் முதலில் சொன்னீர்கள், அதற்குப் பதிவு உண்டா?

அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடி வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "மேடம், உங்ககிட்ட இருக்குமே! மதுர டாக்டர் சீட்டுல மனச்சோர்வுன்னு மட்டுந்தான் போட்டிருக்கு. உங்ககிட்டதான அம்புட்டையும் சொன்னேன். தேதி போட்டு எழுதுனீங்களே, நான் பாத்தேனே!"

கோப்பை எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? நல்ல தடிமனான கோப்பு. அவர் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் படித்தார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பு முழுவதிலும் அவரைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. அதிலும் பெயர் இல்லை. "கணவர் ஒத்துழைக்கிறார்."

கடைசித் தாளை மூடிவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நாஞ் சொன்னதுதான் மேடம். ஆனா நான் இல்லயே இதுல."

நடந்ததை விளக்கி நான் மூன்று பக்கம் கடிதம் எழுதி அனுப்பினேன். வேறொரு நபரின் பெயரில் உள்ள ஆவணம் என்பதால் கணக்கில் எடுக்க இயலாது என்று பதில் வந்தது. எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அது வேறொரு நபரின் பெயரில்தான் இருந்தது. புகார் போதிய ஆதாரம் இல்லை என்று மூடப்பட்டது. அந்த மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஞானராஜ் உடல்நிலையைக் காட்டி வேலையிலிருந்து வந்துவிட்டார். இப்போது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறார்.

அவருக்கு உதவி செய்ய இந்த ஊரில் ஆளே இல்லை என்று நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். உண்மைதான். ஆனால் உதவாதவர்கள் பட்டியலில், அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டு அவர் பெயரை அழித்தவள் என்று என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவரை உள்ளே விட வழியில்லை என்று தெரிந்ததும் நான் கதவைத் தட்டியிருக்க வேண்டும். முந்தானைக்குள் மறைத்து உள்ளே கொண்டுவந்தேன். அப்படி வந்தவர் உள்ளே இருந்தார் என்பதற்குச் சாட்சி கிடையாது.

அதன் பிறகு கதவைத் தட்டினேன். இரண்டு வருடம் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசினேன். கையேட்டில் முதல் விதிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: "அனுப்பும் முன், யார் யாரை அழைத்து வந்தார் என்று கேட்கவும்." அதுதான் நான் வாங்கியது. போர்டு அப்படியே இருக்கிறது. மாற்றினால் பெண்கள் படியேறத் தயங்குவார்கள் என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் அவரைப் போன்றவர்களுக்கு வேறொரு போர்டு சேத்தூரிலிருந்து மதுரை வரைக்கும் நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெறும் வாரத்தில் ஞானராஜ் வந்தார். எஸ்தர் மாடிக்கு வரவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன், எதிரே மாப்பிள்ளை பெஞ்சில் இரண்டு ஆண்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்க போறதுக்குள்ள ஒரு தாளு வேணும். அன்னைக்கு உங்ககிட்ட நான் சொன்னேன்னு. அம்புட்டுதான்."

நம் படிவத்தை எடுத்தேன். மேலே மையத்தின் பெயர், அதற்குக் கீழே "திருமதி / செல்வி" என்று அச்சடித்திருந்தது. இரண்டையும் கோடு போட்டு அடித்தேன். "திரு" என்று எழுதி, அவர் இனிஷியல் கேட்டு, முழுப் பெயரையும் எழுதினேன். இன்ன தேதியில் இவர் என்னிடம் வந்தார், தனக்கு நேர்ந்ததைச் சொன்னார், நான் நம்பினேன் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பாக்கியம் முத்திரை வைத்தாள். இரண்டு தடவை வைத்தாள், முதல் தடவை சரியாக விழவில்லை என்று.

அவர் நின்றுகொண்டே படித்தார். "இத எங்க காட்டலாம் மேடம்?"

"எங்கயும் காட்ட முடியாது தம்பி. விசாரணை முடிஞ்சு போச்சு."

மறுபடியும் மேலேயிருந்து ஒரு தடவை படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பரவாயில்ல மேடம். பேரு சரியா இருக்கு."